முகம் கழுவத் தெரிந்தவர்கள்

1972 ஜூன் மாதம் எல்விஸ் பிரெஸ்லி நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பாடினார். அதைக் கேட்க ரசிகர்கள் சிலர் ஏறிவந்த டாக்ஸியை இருபது வயது இளைஞர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்களை வாசலில் இறக்கிவிட்டபோது, என்னைப் பார்க்கவும் ஒருநாள் ஜனங்கள் இதே வாசலில் வந்து இறங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். பிற்காலத்தில் பேட்டிகளில் அவரே சொன்ன செய்தி இது. ஐந்தாண்டு முடிவதற்குள், 1977 பிப்ரவரி 18 அன்று, அது நடந்தது. அன்று அவர் முகம் முழுக்க வெள்ளைச் சாயம் பூசி, வலது கண்ணைச் சுற்றிக் கறுப்பு நட்சத்திரம் வரைந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஸ்டான்லி ஐசன். உலகம் அறிந்த பெயர் பால் ஸ்டான்லி. அவருடைய ராக் இசைக்குழுவின் பெயர் கிஸ்.

இந்தக் குழுவைப் பற்றி என் வயதுக்காரர்களிடம் பேச்செடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். நெருப்பை ஊதுகிறான், வாயிலிருந்து ரத்தம் வழிய நிற்கிறான், அரையடி உயர பூட்ஸ் போட்டுக்கொண்டு குதிக்கிறான், இதெல்லாம் ஒரு இசையா என்கிறார்கள். பாட்டு நன்றாக இருந்தால் வேஷம் எதற்கு என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. கேட்கத் தகுந்த கேள்விதான். அதற்கு நான் கண்ட பதிலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வருஷாவருஷம் ஆண்டு விழா நாடகத்துக்குப் பிள்ளைகளுக்கு அரிதாரம் பூசிவிடுவது என் வேலை. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே தலைகவிழ்ந்து நிற்கும் பையன் ஒருவன் எல்லா வருஷமும் இருப்பான். அவனை உட்கார வைத்து, முகத்தில் வர்ணம் ஏற்றி, மீசையை ஒட்டி, தலைப்பாகை கட்டி எழுப்பிவிட்டால் போதும். மேடையில் அவன் குரல் கடைசி வரிசையையும் தாண்டிப் போகும். பெற்றவர்களே வாய்பிளந்து பார்ப்பார்கள். அந்தக் குரலை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. அது அவனிடம் முன்பே இருந்தது. சொந்த முகத்தோடு அதை வெளியே விட அவனுக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். என் பேரன் கிஸ் குழுவின் பழைய கச்சேரி ஒன்றைப் போட்டுக் காட்டியபோது எனக்கு அந்தப் பையன்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பிறகு அந்த நால்வரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

பால் ஸ்டான்லிக்குப் பிறவியிலேயே வலது காது வளரவில்லை. மைக்ரோஷியா என்று மருத்துவர்கள் சொல்லும் குறை அது. அந்தப் பக்கம் அவருக்குக் கேட்கவும் கேட்காது. கூடப் படித்த பிள்ளைகள் அவரை ஒற்றைக் காது அரக்கன் என்று கூவினார்கள். வீட்டிலும் அதைப் பற்றி யாரும் ஆறுதலாகப் பேசவில்லை. முடி வளர்த்துக் காதை மூடிக்கொண்டார். குழு உலகப் புகழ் பெற்ற பிறகு, 1982ல், விலா எலும்பின் குருத்தை எடுத்துக் காது அமைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். உலகத்திலேயே மிக உரக்க வாசிக்கும் குழுக்களில் ஒன்றின் பாடகர் ஒரு காது கேளாதவர் என்பதை ரசிகர்களில் பெரும்பாலோர் பல்லாண்டுகள் அறியவில்லை. 2014ல் வந்த தன் சுயசரிதையில்தான் அவர் அதை முழுமையாக எழுதினார்.

அதற்குப் பதினைந்து ஆண்டுக்கு முன் ஒன்று நடந்தது. 1999ல் கனடாவின் டொரன்டோ நகரில் 'பேன்டம் ஆஃப் தி ஆப்பரா' இசை நாடகத்தில் அவருக்குத் தலைமைப் பாத்திரம் கிடைத்தது. சிதைந்த முகத்தை முகமூடியால் மறைத்துக்கொண்டு ஆப்பரா அரங்கின் நிலவறையில் வாழும் இசைக்கலைஞனின் கதை அது. பார்த்துவிட்டுப் போன ஒரு பெண்மணி அவருக்குக் கடிதம் எழுதினார். முகக்குறையோடு பிறந்தவர்களுக்கு உதவும் 'அபவுட்ஃபேஸ்' என்ற அமைப்பில் வேலை பார்த்தவர் அவர். இந்தப் பாத்திரத்தோடு வேறெந்த நடிகரும் இப்படி ஒன்றிப்போய் நான் பார்த்ததில்லை என்பது கடிதத்தின் சாரம். ஸ்டான்லி தன் காதைப் பற்றி அவரிடம் மனம்விட்டுச் சொன்னார். பிறகு அந்த அமைப்பின் தூதராகி, முகக்குறையுள்ள குழந்தைகளையும் பெற்றோர்களையும் நேரில் சந்தித்துப் பேசத் தொடங்கினார். நட்சத்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு மேடையேறிய ஒருவர், இன்னொரு முகமூடியைப் போட்டுக்கொண்டபோதுதான் தன் சொந்த முகத்தைப் பற்றிப் பேசும் தைரியத்தைப் பெற்றிருக்கிறார். வேஷத்தை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழுவின் இன்னொரு தூண் ஜீன் சிம்மன்ஸ். 1949ல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பிறந்தவர். இயற்பெயர் சாயிம் விட்ஸ். தாயார் ஹங்கேரிக்காரர், நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, தாயும் மகனும் மட்டும் அமெரிக்கா வந்து சேர்ந்தபோது பையனுக்கு எட்டு வயது. ஆங்கிலம் தெரியாது. காமிக்ஸ் புத்தகங்களும் தொலைக்காட்சியில் வந்த பழைய பேய்ப்படங்களுமே அவனுக்கு அந்த நாட்டைப் பழக்கிவிட்டன. அப்படங்களின் நாயகர்களில் லோன் சேனி அவருக்கு மிகவும் பிடித்தவர். 1925ல் வந்த 'பேன்டம் ஆஃப் தி ஆப்பரா' ஊமைப்படத்தில் தன் முகத்தைத் தானே ஒப்பனை செய்துகொண்டு நடித்தவர் இந்தச் சேனி. அவருடைய தாய் தந்தை இருவருமே காது கேளாதவர்கள். வாய்ச்சொல் இல்லாமல் முகத்தாலும் கையாலும் எல்லாவற்றையும் சொல்லும் பழக்கம் அவருக்குக் குழந்தைப் பருவத்தில் வீட்டிலேயே வந்துவிட்டது. படத்திலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து அடுத்த தலைமுறைப் பையனுக்குமாக இந்தக் கலை இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

1973 ஜனவரி 30 அன்று நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பாப்கார்ன் கிளப் என்ற சிறிய இடத்தில் கிஸ் முதல் கச்சேரி செய்தபோது கேட்க வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. அடுத்த சில வாரங்களில்தான் அந்த நான்கு முகங்களும் உருவாயின. சிம்மன்ஸ் அரக்கன். ஸ்டான்லி நட்சத்திரப் பிள்ளை. கிடார் வாசித்த ஏஸ் ஃப்ரேலி வேற்றுக்கிரகத்தான். டிரம்ஸ் வாசித்த பீட்டர் கிறிஸ் பூனை மனிதன். யாரோ ஒரு கம்பெனி வரைந்து கொடுத்த முகங்கள் அல்ல இவை. கண்ணாடி முன் உட்கார்ந்து அவரவர் முகத்தில் அவரவரே தீட்டிப் பார்த்துத் தேர்ந்துகொண்டவை. கடைசிவரை அப்படித்தான். சாயம் பூசி வாசித்த ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தங்கள் முகத்தைத் தாங்களே தீட்டிக்கொண்டார்கள்.

அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். 1973ன் கடைசி நாளன்று நியூயார்க்கின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் நெருப்பு ஊதும்போது சிம்மன்ஸின் தலைமுடியில் தீப்பற்றிக்கொண்டது. உதவியாளர் ஒருவர் பாய்ந்துவந்து அணைத்தார். அதற்காக நெருப்பை அவர் விட்டுவிடவில்லை. முதல் மூன்று இசைத்தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. விமர்சகர்கள் சர்க்கஸ் என்று ஒதுக்கினார்கள். ஆனால் கச்சேரிக்கு ஒருமுறை வந்தவன் மறுமுறை நண்பனைக் கூட்டிக்கொண்டு வந்தான். அப்படியானால் அந்தக் கச்சேரியையே தட்டில் பதித்துவிடலாம் என்று 1975 செப்டம்பரில் 'அலைவ்' என்ற இரட்டை இசைத்தட்டைக் கொண்டுவந்தார்கள். அதுதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

இண்டியானா மாநிலத்தின் டெர்ரி ஹோட் நகரில் பள்ளி மாணவன் ஒருவன் உள்ளூர் வானொலியை அழைத்து அழைத்து கிஸ் பாட்டைப் போடச் சொன்னான். அவர்கள் மறுத்தார்கள். நண்பனோடு சேர்ந்து 'கிஸ் ஆர்மி' என்று கையெழுத்திட்டுக் கடிதங்கள் அனுப்பினான். வானொலி பாட்டைப் போட்டது. அந்தப் பெயரையே பிறகு குழு தன் ரசிகர் மன்றத்துக்கு வைத்துக்கொண்டது.

மிச்சிகன் மாநிலத்தில் கேடிலாக் என்று ஒரு சிற்றூர். 1974ல் அவ்வூர் உயர்நிலைப்பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று மனம் சோர்ந்து கிடந்தது. பயிற்சியாளர் ஒருவர் உடைமாற்றும் அறையில் கிஸ் பாட்டுகளைப் போடத் தொடங்கினார். அந்தப் பருவத்தில் அதற்குப் பிறகு அவர்கள் தோற்கவேயில்லை. பாட்டினால்தான் ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் காலம் கழித்தவனுக்குத் தெரியும், துவண்ட பிள்ளைகளை எழுப்ப எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். செய்தி குழுவுக்குப் போய்ச்சேர்ந்தது. 1975 அக்டோபரில் நால்வரும் நேரே அந்த ஊருக்கே வந்துவிட்டார்கள். பள்ளியின் உடற்பயிற்சிக்கூடத்தில் கச்சேரி நடந்தது. மறுநாள் காலை விருந்துக்கு ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் முகத்தில் சாயம் தீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் புகைப்படங்களை அவசியம் பார்க்க வேண்டும். கோட்டும் டையும் அணிந்த நடுவயதுக்காரர்கள், முகத்தில் பூனை மீசையோடும் நட்சத்திரத்தோடும், அப்படி ஒரு சந்தோஷத்தோடு இருக்கிறார்கள்.

இதுதான் இந்த இசையின் ஈர்ப்பு என்று நினைக்கிறேன். மேடையில் நிற்பவன் மட்டும் விடுதலை அடைவதில்லை, கீழே நிற்பவனும் அடைகிறான். கூச்சம், அந்தஸ்து, அலுவலக முகம் எல்லாவற்றையும் ஒரு மாலைப் பொழுதுக்கு இறக்கிவைக்கிறான். பாட்டுகள் எளியவை, யாரும் சேர்ந்து பாடலாம். நான்கு முகங்களில் ஒன்றைத் தன் முகமாக எடுத்துக்கொள்ளலாம். மேதைமை காட்டும் இசை வேறு இடங்களில் நிறையக் கிடைக்கிறது. அதைத் தேடி இங்கே வருபவர் ஏமாறுவார்.

எனக்கு ஒப்பாத விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய பல பாடல்களில் பெண்களைப் பற்றிப் பேசும் விதம் மட்டமானது. பேரனிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன், அவன் ஒத்துக்கொண்டான். பொம்மையில் தொடங்கிச் சவப்பெட்டிவரை தங்கள் பெயரில் விற்றதையும் என்னால் மெச்ச முடியவில்லை. எழுபதுகளின் முடிவில் குழந்தைகளுக்கான விற்பனைப் பொருளாகிப்போனார்கள். பழைய ரசிகர்கள் விலகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. ஆண்டு விழா முடிந்ததும் தேங்காய் எண்ணெயும் பழைய துணியுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் அரிதாரத்தையும் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவேன். ராஜா வேஷத்தோடு தூங்கப் போனால் தோல் புண்ணாகிவிடும். பெரிய மேடைகளில் துடைத்துவிட யாரும் வருவதில்லை. கலைஞனே கழுவிக்கொள்ள வேண்டும்.

இந்த வகை மேடைக்கு முன்னோடியான ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் என்ற கறுப்பினப் பாடகரை எண்ணும்போது மனம் கனக்கிறது. பால் ராப்சன் என்ற பாடகரை ஆதர்சமாகக் கொண்டு, ஆப்பரா பாட ஆசைப்பட்டவர். 1956ல் அவருடைய ஒரு பாட்டு பிரபலமாக, நிகழ்ச்சி நடத்துபவர் ஒருவர் பணம் கொடுத்து, சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்துவந்து பாடச் சொன்னார். முதலில் மறுத்தார், பிறகு இணங்கினார். ஜனங்கள் ஆரவாரித்தார்கள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் சவப்பெட்டிதான் கேட்டார்கள். என்னைச் சாதாரணப் பாடகனாக யாரும் ஏற்கமாட்டேன் என்கிறார்களே என்று அவர் வருந்தியதுண்டு. அவர் வேஷம் அவரே விரும்பிக் கட்டியதல்ல, அதனால் கலைக்கவும் அவரால் முடியவில்லை.

ஆலிஸ் கூப்பர் என்ற மேடைப் பெயர் கொண்ட ராக் பாடகரின் கதை வேறு. டெட்ராய்ட்டில் 1948ல் பிறந்த வின்சென்ட் ஃபர்னியர், ஒரு கிறிஸ்தவப் போதகரின் மகன். கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை வழிய, மேடையில் எல்லா அக்கிரமமும் செய்யும் வில்லன் ஆலிஸ். கச்சேரி முடிவதற்குள் கில்லட்டினில் தலை துண்டிக்கப்படும், அல்லது தூக்கில் தொங்குவார். பிறகு வெள்ளை உடையில் திரும்பிவந்து பாடுவார். 1973 பயணத்துக்குத் தந்திரங்களை அமைத்துக் கொடுத்து, மரண தண்டனை நிறைவேற்றுபவர் வேஷமும் போட்டவர் ஜேம்ஸ் ராண்டி என்ற பேர்பெற்ற மாயாஜாலக்காரர். பிரிட்டனில் மேரி ஒயிட்ஹவுஸ் என்ற ஒழுக்கப் பிரசாரகர் ஆலிஸின் பாட்டைத் தடை செய்யப் போராடினார். அந்த விளம்பரத்துக்கு நன்றி சொல்லி ஆலிஸ் அவருக்குப் பூங்கொத்து அனுப்பினார். கெட்டவன் தண்டனை வாங்காமல் திரை விழாத நாடகத்தை ஒழுக்கக்கேடு என்றது எனக்குச் சரியாகப் படவில்லை.

மேடைக்கு வெளியே நிலைமை மோசமாக இருந்தது. ஆலிஸ் எங்கே முடிகிறான், நான் எங்கே தொடங்குகிறேன் என்று தெரியாமல் குடித்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1977ல் சிகிச்சைக்குச் சேர்ந்தார், மறுபடி விழுந்தார், 1983 வாக்கில் முழுதாக நிறுத்தினார். அதன்பிறகு அவர் செய்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆலிஸை அவர் தூக்கி எறியவில்லை. கூன்விழுந்து அடிவாங்கும் பழைய ஆலிஸை மாற்றி, நிமிர்ந்து நிற்கும் செருக்குள்ள வில்லனாக ஆக்கினார். கச்சேரி முடிந்தால் அவனை மேடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். ஆலிஸைப் பற்றிப் பேசும்போது 'அவன்' என்றே பேசுகிறார். காலையில் கோல்ஃப் ஆடுகிறார். ஃபீனிக்ஸ் பகுதியில் பதின்வயதுப் பிள்ளைகள் பணம் கட்டாமல் இசையும் நடனமும் கற்கும் மையங்களை அவருடைய அறக்கட்டளை நடத்துகிறது. இவரைப் போல வேஷத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவே ஒரு கதவை வைத்து, அதைச் சாத்தவும் திறக்கவும் பழகியவர்கள் குறைவு.

கிஸ் குழுவிலும் நால்வரும் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. கிறிஸ் 1980லும் ஃப்ரேலி 1982லும் வெளியேறினார்கள். குடியும் போதைப்பொருளும் தங்களைப் படுத்திய பாட்டை இருவரும் பிற்பாடு புத்தகங்களில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். 1983 செப்டம்பரில் எம்டிவி தொலைக்காட்சியில் சாயமில்லாத முகத்தோடு குழு தோன்றியது. அதற்கு முன் பத்தாண்டுகள் பொதுஇடத்தில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். வெறும் முகத்தோடும் பதின்மூன்று ஆண்டுகள் வாசித்துப் பிழைத்தார்கள். வேஷம் ஒன்றே அவர்களுடைய சரக்கு என்ற பழி அதில் கழிந்தது. 1996ல் பழைய நால்வரும் மறுபடி சாயம் பூசி டெட்ராய்ட் டைகர் ஸ்டேடியத்தில் நின்றபோது ஜனங்கள் திரண்டு வந்தார்கள். பாட்டை மட்டும் ஏற்றுக்கொண்டவர்கள், முகத்தையும் எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள்.

அந்த எதிர்பார்ப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஃபின்லாந்தில் ஒரு சாட்சி உண்டு. ரோவனியெமி என்ற வடபகுதி நகரத்துக்காரரான மிஸ்டர் லார்டி, கிஸ் குழுவின் ஃபின்லாந்து ரசிகர் மன்றத்தை நடத்தியவர். தன் குழுவின் அரக்க முகமூடிகளையும் உடைகளையும் தானே செய்பவர். 2006 மே மாதம் ஏதென்ஸில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அவருடைய குழுவினர் அரக்க உருவங்களோடு பாடி 292 புள்ளிகள் பெற்று வென்றார்கள். ஃபின்லாந்து அதுவரை அப்போட்டியில் ஜெயித்ததே இல்லை. போவதற்கு முன்பு, இவர்களை அனுப்பினால் நாட்டுக்கு அவமானம் என்றவர்கள் இருந்தார்கள். வென்ற பிறகு வார இதழ் ஒன்று அவருடைய சொந்த முகத்தைப் படமாக வெளியிட்டது. வாசகர்கள் கொதித்துப்போனார்கள். பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. உள்ளே இருப்பவன் நம்மைப் போன்ற மனிதன் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அவன் விரும்பிப் போட்டுக்கொண்ட முகத்தை மதிப்பது அவனுக்குச் செய்யும் மரியாதை என்று அந்த மக்கள் நினைத்தார்கள். ரோவனியெமியில் ஒரு சதுக்கத்துக்கு லார்டியின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 2 அன்று மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கிஸ் தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. ஸ்டான்லியும் சிம்மன்ஸும் எழுபதைத் தாண்டியிருந்தார்கள். வேற்றுக்கிரகத்தான் முகத்தையும் பூனை முகத்தையும் நெடுங்காலமாக வேறு இருவர் போட்டுவந்தார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஒருவர் போட்ட ராஜபார்ட்டை இன்னொருவர் போடுவது நாடக வழக்கம். அன்றைய முடிவில் திரையில் நான்கு கணினி உருவங்கள் தோன்றின. இனி கிஸ் இந்த உருவங்களில் நிரந்தரமாக வாழும் என்று அறிவித்தார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த உருவத்துக்கு வியர்க்காது. இரண்டு மணி நேரம் கண்ணாடி முன் உட்காராது. தலைமுடியில் தீப்பிடிக்காது. கச்சேரி முடிந்து கழுவிக்கொள்ள அதற்கு ஒரு முகம் இல்லை. கூச்சமுள்ள ஒருவன் துணிச்சல் பெற்று எழுந்து நிற்பதைப் பார்ப்பதற்காகத்தானே ஜனங்கள் அங்கே போனார்கள்? ஃப்ரேலி 2025 அக்டோபரில் காலமானார். அவருடைய கிடாரிலிருந்து புகை கிளம்பியபோது ஆர்ப்பரித்தவர்கள், அந்தப் புகைக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதை அறிந்துதான் ஆர்ப்பரித்தார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை சாயம் பூசிய முகங்களின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தால் கிழிக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து 'அலைவ்' இசைத்தட்டைப் போடச் சொல்லி முழுக்கக் கேளுங்கள். சத்தம் தாங்கவில்லையென்றால் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். மட்டமான வரி வந்தால் மட்டம் என்று சொல்லுங்கள். பிறகு, இந்த நால்வரில் உனக்கு யாரைப் பிடிக்கும், ஏன் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை தரும் பதிலைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.